மளிகைக் கடையில் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினால் போதாதா?

ஜூன் 2, மாலை (கேள்வி)

வீட்டில் எல்லோரும் இனி கொஞ்சம் ஆரோக்கியமாகச் சாப்பிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படித்தால் அன்றைய பொழுதே போய்விடும். "சர்க்கரை சேர்க்கவில்லை", "நார்ச்சத்து உள்ளது", "கொழுப்பு குறைவு" என்று முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வாங்கினால் போதும் என்பது என் கட்சி. பொய் எழுதினால் சட்டம் சும்மா விடாது அல்லவா? மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

நான் மறுக்கிறேன். முன்பக்கத்தில் அப்பட்டமான பொய் எழுத முடியாது, அது சரிதான். ஆனால் உண்மையில் எந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போடுவது என்பது விற்பவர் கையில் இருக்கிறது. நமக்கு வேண்டியது மீதித் துண்டு.

"கொழுப்பு குறைவு" என்பதையே எடுத்துக்கொள்வோம். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டலில், 100 கிராம் திட உணவில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லையென்றால் அப்படிப் போடலாம். சர்க்கரை எவ்வளவு என்பதைப் பற்றி அந்த வரிக்குக் கவலையே இல்லை. பழச்சுவை சேர்த்த தயிர்க் கோப்பை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கொழுப்பை எடுத்தால் சுவை போய்விடும், அந்த இடத்தில் பெரும்பாலும் சர்க்கரை வந்து உட்கார்ந்திருக்கும்.

"குறைக்கப்பட்டது" என்பது இன்னும் வழுக்கலானது. எதைவிடக் குறைவு? வழக்கமான வகையைவிட. பல நாடுகளில் 25 அல்லது 30 சதவீதம் குறைந்தால் போதும். 100 கிராமுக்கு 35 கிராம் கொழுப்பு இருந்த சிப்ஸில் 30 சதவீதம் குறைத்தாலும் 24 கிராமுக்கு மேல் மிஞ்சுகிறது. அது இன்னமும் கொழுப்பு மிகுந்த பண்டம்தான்.

"சர்க்கரை சேர்க்கவில்லை" என்று போட்ட பழச்சாறும் அப்படித்தான். யாரும் கரண்டியால் சர்க்கரை போடவில்லை, உண்மை. ஆனால் பழத்தைப் பிழிந்து நாரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை இருக்கும். இனிப்பூட்டிய சோடாவில் இருப்பது 10, 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் சர்க்கரைக்கு வரம்பு சொல்லும்போது தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. முழுப் பழத்தில் இருப்பதையும் பாலில் இயல்பாக இருப்பதையும் எண்ணுவதில்லை.

ஜூன் 3, காலை

"அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? எல்லாவற்றையும் படிக்க நான் என்ன பரீட்சைக்கா போகிறேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இரண்டே இடங்களைப் பாருங்கள்.

முதலில் சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில், அதற்கடுத்தது இரண்டாவது என்ற வரிசையில்தான் எழுதவேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா நாட்டிலும் விதி. முதல் மூன்று பெயர்களைப் படித்தால் பாக்கெட்டுக்குள் பெரும்பாலும் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிரெட் பழுப்பாக இருக்கலாம், மேலே தானியம் தூவியிருக்கலாம், "பல தானிய" என்று பெயரும் இருக்கலாம். பட்டியலில் முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிரெட்தான். நிறம் மால்ட்டிலிருந்தோ எரித்த சர்க்கரையிலிருந்தோ வந்திருக்கும். பல தானியம் என்றால் பல வகை என்று மட்டும்தான் அர்த்தம். அவை முழுத் தானியமா என்பதை அந்த ஒரு சொல் சொல்லாது.

அடுத்தது சத்து அட்டவணையில் 100 கிராமுக்கான பத்தி. பிரிட்டனில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு மாதிரி ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். அதன் எல்லைகளை எந்த ஊரில் இருப்பவரும் கடன் வாங்கிக்கொள்ளலாம். 100 கிராம் திட உணவில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் அதிகம், 5க்குள் இருந்தால் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமைத் தாண்டினால் அதிகம், 1.5க்குள் குறைவு. உப்பு 1.5 கிராமைத் தாண்டினால் அதிகம், 0.3க்குள் குறைவு. நான் சர்க்கரையையும் உப்பையும்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். மற்றது தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. வீடுகளில் திரும்பத் திரும்ப அதே பொருள்களைத்தான் வாங்குகிறோம். ஒரு பிரெட்டை ஒருமுறை பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த வாரம் மறுபடி படிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் மெதுவாக இருக்கும், அப்புறம் கை தானாகச் சரியானதை எடுக்கும்.

ஜூன் 3, மதியம்

மேலே விட்டுப்போனது: "ஒரு பரிமாறலுக்கு" என்ற பத்தியை இரண்டு பொருள்களை ஒப்பிடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் 25 கிராமை ஒரு பரிமாறல் என்பார், இன்னொருவர் 40 கிராமை. பிஸ்கட் பாக்கெட்டில் "ஒரு பரிமாறல்: 2 பிஸ்கட்" என்று போட்டிருக்கும். இரண்டோடு பாக்கெட்டை மூடிவைப்பவர் எத்தனை பேர்? 100 கிராம் பத்தியில் எல்லாரும் ஒரே தராசில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு பரிமாறலில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்றே போடலாம். பரிமாறலைச் சின்னதாக்கினால் எண்ணும் மறைந்துவிடும். இந்தக் கொழுப்பு பெரும்பாலும் வருவது ஓரளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களிலிருந்து, அதாவது வனஸ்பதி போலக் கெட்டியாக்கியவற்றிலிருந்து. அவற்றைப் பாதுகாப்பானவை என்று இனிக் கருத முடியாது என்று அங்கே 2015இல் முடிவெடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் உலகம் முழுக்க டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்கவேண்டும் என்று அழைப்பு விடுத்தது. எல்லா நாடுகளும் இன்னும் வந்துசேரவில்லை. எனவே பட்டியலில் "ஹைட்ரஜனேற்றிய" என்ற சொல் கண்ணில் பட்டால் நான் திருப்பி வைத்துவிடுவேன்.

ஜூன் 4

ஒருவர் எழுதியிருக்கிறார்: "முதல் மூன்றில் சர்க்கரை இல்லை. ஆனாலும் வாயில் வைத்தால் பாகாக இனிக்கிறது. எப்படி?"

முதல் மூன்று என்ற விதியில் இருக்கும் ஓட்டை இதுதான். சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் தேன், கொஞ்சம் பழச்சாற்றுச் செறிவு என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கீழே இறங்கிவிடும். சட்டப்படி எல்லாம் சரி. ஒரே பட்டியலில் இனிப்பு வகைகள் மூன்று நான்கு கண்டால் அவற்றை மனதில் கூட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் நேராக அட்டவணையில் சர்க்கரை வரிக்குப் போங்கள். அங்கே எல்லாம் ஒன்றாகக் கூட்டியே இருக்கும்.

மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் அந்த வரியில் பிடிபடாது. அது மாவுச்சத்தை உடைத்துச் செய்வது, கணக்கில் சர்க்கரையாக வராது. ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பெயரைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

ஜூன் 6

கேள்வி கேட்டவர் நிஜமாகவே கடைக்குப் போய் இரண்டு காலை உணவுத் தானியப் பெட்டிகளின் எண்களைக் கொண்டுவந்திருக்கிறார். மனதார மகிழ்ச்சி. இப்படிச் செய்தால்தான் பேச்சு முன்னேறும்.

முதல் பெட்டி, முன்பக்கத்தில் "நார்ச்சத்து உள்ளது" என்று போட்டது. 100 கிராமுக்கு மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் அடக்கம்) 78, நார்ச்சத்து 5, சர்க்கரை 26. இரண்டாவது, முன்பக்கத்தில் எதுவும் பெரிதாகச் சொல்லாதது. மாவுச்சத்து 62, நார்ச்சத்து 9, சர்க்கரை 9.

முதல் பெட்டி சொன்னது பொய் இல்லை. 100 கிராமுக்கு 3 கிராம் நார் இருந்தாலே கோடெக்ஸ் வழிகாட்டல்படி அப்படிப் போடலாம். ஆனால் சர்க்கரை 26 கிராம், நான் மேலே சொன்ன 22.5 எல்லையைத் தாண்டிவிட்டது. பெட்டியில் சொல்லும் 30 கிராம் பரிமாறலில் 8 கிராம் சர்க்கரை. வீட்டுக் கிண்ணத்தில் கொட்டினால் எளிதாக 60 கிராம் ஆகும், அப்போது 16 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல், ஒரு நாளைய சக்தியில் 10 சதவீதத்துக்குள் இந்தச் சர்க்கரை இருக்கவேண்டும் என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராமுக்குள் வந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. விடியற்காலையிலேயே அந்த 25இல் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

தானிய உணவுகளுக்கு நான் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது: மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுங்கள். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் நல்லது. ஹார்வர்ட் பொதுச் சுகாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் முழுத் தானியப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் வழிகளை ஒப்பிட்டபோது இந்தப் பத்துக்கு ஒன்று விதிதான் நன்றாக வேலை செய்தது. உங்கள் முதல் பெட்டிக்கு 15க்கு மேல் வருகிறது, இரண்டாவதற்கு ஏழு. இரண்டாவதை வாங்குங்கள். அல்லது இனிப்பே சேர்க்காத வெறும் ஓட்ஸ் வாங்கி மேலே ஒரு பழத்தை நறுக்கிப் போடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் முதலில் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். ஒரேயடியாக மாற்றினால் கிண்ணம் அப்படியே திரும்பி வரும்.

ஜூன் 7

"இவ்வளவு கணக்கு எதற்கு? கடையின் சுவரோரத்தில் மட்டும் வாங்குங்கள், நடு வரிசைகளுக்குள் போகவே வேண்டாம்." இதைச் சொன்னவர் அனுபவசாலி என்பது தெரிகிறது. பெரிய கடைகளில் காய், பழம், பால், முட்டை, மீன் எல்லாம் பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் இருக்கின்றன. தள்ளுவண்டியைப் பாதிக்கு மேல் அங்கேயே நிரப்பிவிட்டு உள்ளே போவது நல்ல பழக்கம். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆளுக்கு 400 என்று வீட்டில் இருப்பவர்களைப் பெருக்கி, நாள்களால் பெருக்கிப் பாருங்கள். நாம் வழக்கமாக வாங்குவது எவ்வளவு கொஞ்சம் என்பது புரியும்.

ஆனால் பருப்பும் பயறும் எங்கே இருக்கின்றன? நடு வரிசையில். முழுத் தானியம், கொட்டைகள், விதைகள், எண்ணெய் எல்லாம் அங்கேதான். விலைக்கு அதிகப் புரதமும் நாரும் தருவது பயறு வகைகள். அவற்றைத் தவறவிடச் சொல்லும் விதியை என்னால் ஏற்க முடியாது. சுவரோரத்திலும் இனிப்புத் தயிர், பதப்படுத்திய இறைச்சி, கேக் எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டார்கள். அந்த இறைச்சி இருப்பதும் குளிர்பெட்டியில், சுவரோரத்தில்தான்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

உறைய வைத்த காய்கறியைத் தாழ்வாகப் பேசாதீர்கள். பட்டாணியைப் பறித்துச் சில மணி நேரத்துக்குள் கொதிநீரில் முக்கி உறையவைத்துவிடுகிறார்கள். முக்கும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும். அதற்கப்புறம் இழப்பு மெதுவாகத்தான். பறித்த காய் லாரியிலும் கடையிலும் நம் குளிர்பெட்டியிலும் நாள்கணக்கில் கிடந்தால் அதைவிட அதிகமாகப் போகும். வேலை முடித்து இரவில் வந்து சமைப்பவருக்கு உறைந்த பட்டாணியும் கீரையும் பெரிய உதவி. பாக்கெட்டின் பின்னால் காய் ஒன்று மட்டும்தான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாஸ், வெண்ணெய் சேர்ந்தது வேறு கதை.

டப்பாவில் அடைத்த பயறும் பரவாயில்லை. தண்ணீரை வடித்து, குழாயில் அலசிவிட்டால் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

ஜூன் 10

உப்பைப் பற்றித் தனியாக எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் வந்தபோது வீட்டில் முதலில் செய்தது, சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்ததுதான். சமையலிலும் குறைத்தோம். அவர் முகம் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார். அழுத்தம் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. அவருக்குப் பிடித்த பிரெட், பாலாடைக்கட்டி, பாட்டில் சாஸ் இவற்றை யாரும் தொடவில்லை, ஏனென்றால் அவை உப்புப் பண்டமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் பார்த்தோம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, சோடியமாகச் சொன்னால் 2 கிராம். பிரெட்டில் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுக்கு உப்பு இருப்பது சாதாரணம். நான்கு துண்டு சாப்பிட்டாலே ஒன்றரை கிராமை நெருங்கலாம். கரிப்பே தெரியாமல் நாளின் கணக்கில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம்! பதப்படுத்திய உணவு அதிகம் புழங்கும் நாடுகளில், உடலுக்குள் போகும் உப்பில் பெரும்பகுதி இப்படிப் பாக்கெட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வீட்டுக் கரண்டி போடுவது மிச்சம்.

சில லேபிள்களில் உப்பு என்று இருக்கும், சிலவற்றில் சோடியம் என்று மில்லிகிராமில். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. நான் பிரெட் தேர்ந்தெடுக்கும்போது மூன்று நான்கை அருகருகே வைத்து இந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிடுவேன். ஒரே அலமாரியில் இருக்கும் பிரெட்டுகளுக்குள்ளேயே நல்ல வித்தியாசம் இருக்கும். அப்பாவுக்கு மாற்றிய பிரெட்டில் அவர் எந்த வித்தியாசத்தையும் உணரவில்லை. சாஸைத்தான் விட மனமில்லாமல் இருந்தார். அதை வாங்குவதையே நிறுத்தினோம். வீட்டுக்குள் வந்துவிட்ட பாட்டிலை மறந்து இருக்கச் சொல்வது அவருக்கும் கொடுமை, எங்களுக்கும் தினசரிச் சண்டை. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: கட்டுப்பாடு காட்டவேண்டிய இடம் கடைதான். அங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் போதும். வீட்டில் என்றால் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லவேண்டும்.

ஜூன் 11

மேலே கடைசியாகச் சொன்னதற்கு ஒருவர், "கடையில் மட்டும் கட்டுப்பாடு எளிதா? பில் போடும் வரிசையில் என் மகன் செய்யும் அமர்க்களம் உங்களுக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறார். தெரியும். அக்கா மகளோடு போனால் எனக்கும் அதே கதை.

இதில் பிள்ளையைக் குற்றம் சொல்லக்கூடாது. கடையின் அமைப்பே அப்படி. ஒரு காலத்தில் நாம் சீட்டை நீட்டினால் கடைக்காரர் எடுத்துக் கட்டித் தருவார். வாடிக்கையாளரே உள்ளே நடந்து எடுத்துக்கொள்ளும் கடையை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916இல் பிக்லி விக்லி என்ற பெயரில் திறந்தார். ஒக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் 1937இல் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கூடை கனத்தால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. அன்றிலிருந்து எந்தப் பொருள் கண்மட்டத்தில், எது பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், எது வரிசையில் நிற்கும்போது என்பதெல்லாம் திட்டமிட்டு வைக்கப்படுகிறது.

மாற்றவும் முடியும். பிரிட்டனில் சில பெரிய கடைகள் பில் போடும் இடத்திலிருந்து இனிப்பு, சிப்ஸ் வகைகளை விலக்கியபோது, அவற்றின் விற்பனை உடனடியாகச் சுமார் 17 சதவீதம் குறைந்ததாக 2018இல் வந்த ஆய்வு சொன்னது. இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளின் வாசலிலும் பில் போடும் இடத்திலும் இத்தகைய பண்டங்களை வைக்கச் சட்டமே தடை விதித்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 2020இலேயே இப்படி ஒரு விதியை நிறைவேற்றியது. பெற்றோருடைய மன உறுதியை மட்டும் நம்பாமல் அலமாரியைத் திருத்தினார்கள், எனக்கு மிகவும் பிடித்த வழி அது. அது நம் கடைக்கு வரும்வரை, பிள்ளையை ஒரு வேலையோடு கூட்டிப்போங்கள். "இந்த வாரத்துக்கு ஒரு பழம் நீ தேர்ந்தெடு" என்று சொல்லிவிட்டால் அக்கா மகளுக்கு அந்த நினைப்பிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

ஜூன் 14

இரண்டு பேர் ஒரே கருத்தை வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள்: "வாயில் நுழையாத பெயர் இருந்தால் வாங்காதே." கேட்க நன்றாக இருக்கிறது. அஸ்கார்பிக் அமிலம் வாயில் நுழைகிறதா? அது வைட்டமின் சி. டோகோஃபெரால் வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலேயே இருக்கிறது. சர்க்கரை, உப்பு, பாமாயில் மூன்றும் எல்லார் வாயிலும் எளிதாக நுழையும். பெயரின் நீளம் எதையும் நிரூபிக்காது.

ஆனாலும் இந்தக் கருத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தேகத்தை நான் தள்ளிவிடமாட்டேன். ஜூன் 3 அன்று எண்களைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மோன்டெய்ரோ 2009இல் உணவை அதன் சத்தை வைத்து அல்லாமல், எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். அதிலிருந்து வந்த நோவா முறையில் நான்கு பிரிவுகள். கடைசிப் பிரிவு மிகைப் பதப்படுத்தியவை: வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள்களால், ஆலையில் உருவாக்கிய சிற்றுண்டிகள், பானங்கள், சூடாக்கினால் போதும் என்ற வகை உணவுகள்.

2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் மிகக் குறைவாகப் பதப்படுத்திய உணவு. தட்டில் வைத்ததில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் பொருந்துமாறு பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். மிகைப் பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கியது. ஆள்கள் குறைவு, காலம் குறைவு, ஆனால் கவனமாகச் செய்த சோதனை. அட்டவணையில் எண்கள் ஒத்துப்போனாலும் கை நிற்காமல் தட்டுக்குப் போகும் உணவு என்று ஒன்று இருக்கிறது.

எனவே என் நடைமுறை இப்படி ஆகிவிட்டது. பிரெட், தயிர், தக்காளி டப்பா போன்ற அன்றாடப் பொருள்களுக்கு எண்களைப் பார்க்கிறேன். அங்கே நோவா அவ்வளவு உதவாது, குழைமமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பது) சேர்த்த நல்ல முழுக்கோதுமை பிரெட்டும் அந்தக் கடைசிப் பிரிவிலேயே விழுந்துவிடும். சிற்றுண்டிக்கும் உடனடி உணவுக்கும் மட்டும் "இது எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறதா?" என்று கேட்டுக்கொள்கிறேன். வறுத்த கடலையைப் பார்த்தால் தெரிகிறது. வாயில் கரையும் குழல் வடிவப் பண்டத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

ஜூன் 15

செயற்கை இனிப்பு பற்றிக் கேட்டவருக்கு: உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அவற்றை நாடவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, அவர்கள் மருத்துவரிடம் கேட்கட்டும். மற்றவர்களுக்கு என் யோசனை, இனிப்பின் அளவையே மெல்லக் குறைத்துவாருங்கள். நாக்கு பழகிவிடும்.

ஜூன் 19

"இதெல்லாம் கையில் காசு உள்ளவர்களுக்கு." இந்த வரியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பணம் ஒரு தடை என்பது உண்மை, அதை மறுப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் விலை ஏறுவது பெரும்பாலும் "ஆரோக்கியம்" என்று முன்பக்கத்தில் எழுதிய பாக்கெட்டுகளுக்கு. பயறு, முட்டை, ஓட்ஸ், முட்டைக்கோஸ், கேரட், வாழைப்பழம் இவற்றின் மேல் யாரும் எதுவும் எழுதுவதில்லை. புரதம் சேர்த்த பிஸ்கட்டைவிடப் புரதம் மலிவாகப் பயறில் கிடைக்கிறது.

விலைச் சீட்டில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று போட்டிருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று இல்லை. மலிவாகவே இருந்தாலும் பாதி கெட்டுப்போனால் நட்டம்தான்.

அப்படித் தேவையில்லாமல் தூக்கிப் போடுவதில் தேதிக் குழப்பத்துக்கும் பங்கு உண்டு. "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது சுவை, மொறுமொறுப்பு பற்றியது. ஒழுங்காக வைத்திருந்தால் அதற்குப் பிறகும் பெரும்பாலும் சாப்பிடலாம். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பு பற்றியது, மீன் இறைச்சி வகைகளில் அதைத் தாண்டவே கூடாது. கடைகள் முதல் வகைத் தேதி நெருங்கியதைத் தள்ளுபடியில் போடும்போது நான் ஓட்ஸும் பயறும் தயங்காமல் எடுப்பேன்.

ஜூன் 23

ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது எழுபதுக்கு மேல். கண்ணாடி போட்டாலும் பின்பக்க எழுத்து தெரிவதில்லை. பின்பக்கம் பின்பக்கம் என்கிறீர்கள், நான் என்ன செய்வது?"

அம்மா, நீங்கள் கேட்டது இந்த முழுப் பேச்சிலும் வரவேண்டிய கேள்வி. பின்பக்கத்தை எல்லாராலும் படிக்க முடியாது என்பதற்காகத்தான் சில நாடுகள் முன்பக்கத்தையே சட்டத்தின் கைக்குள் கொண்டுவந்தன. சிலி 2016 ஜூனில் தொடங்கியது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எல்லை தாண்டிய பொருளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரையில் "அதிகம்" என்று போட்டே ஆகவேண்டும். குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் கூடவே தடை போட்டார்கள். முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது அதற்குப் பிறகு சுமார் 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வு வந்தது. மெக்சிகோ 2020இல் இதே வழிக்கு வந்தது. பிரான்ஸ் 2017இல் A முதல் E வரை எழுத்தும் நிறமும் கொண்ட நியூட்ரி ஸ்கோரைக் கொண்டுவந்தது, அங்கே அது கட்டாயம் இல்லை. விற்பவர் விரும்பி எழுதும் வாசகத்துக்கும், சட்டம் எழுதவைக்கும் முத்திரைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது வகை உங்கள் கடையில் இருந்தால் முன்பக்கத்தைத் தாராளமாக நம்புங்கள்.

இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். மகனோ பேத்தியோ வீட்டுக்கு வரும் நாளில், நீங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்களை மேசையில் பரப்பி ஒன்றாகப் பாருங்கள். சரியானவற்றின் முன்பக்கத்தை உங்கள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடையில் அந்தப் படத்தோடு பொருத்திப் பார்த்து எடுத்தால் போதும். புதிதாக ஒன்றை வாங்குவதென்றால் பின்பக்கத்தைப் படம் எடுத்து விரலால் பெரிதாக்குங்கள். சர்க்கரை, உப்பு இரண்டு வரிகளை மட்டும் தேடுங்கள். "புதிய சுவை", "மேம்படுத்தப்பட்டது" என்று பாக்கெட் மாறி வந்திருந்தால் உள்ளே சேர்மானமும் மாறியிருக்கலாம், அப்போது மட்டும் பழைய படத்தை நம்பாமல் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.